சென்ட்ரிங் இல்லாமல் எழுந்த குவிமாடம்: புருனெலெஸ்கி குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

1418 ஆகஸ்ட் 19 அன்று புளோரன்ஸ் நகரில் ஓர் அறிவிப்பு வெளியானது. சாந்தா மரியா தெல் ஃபியோரே பேராலயத்தின் பெரிய குவிமாடத்தைக் கட்டி முடிக்க யாரிடம் யோசனை இருந்தாலும் சொல்லலாம். மாதிரி, வரைபடம், சாரம் கட்டும் முறை, பாரம் தூக்கும் கருவி என எதுவானாலும் செப்டம்பர் முடிவதற்குள் கொண்டுவரலாம். தேர்வாகும் யோசனைக்கு 200 தங்க ஃபுளோரின் பரிசு.

அடித்தளம் போட்டு 122 ஆண்டுகள் கடந்த கோயில் அது. 1296இல் தொடங்கிய வேலையில் சுவர்கள் எழுந்தன, நடுக்கூடம் எழுந்தது, குவிமாடம் உட்கார வேண்டிய எண்கோணத் தாங்குசுவரும் எழுந்துவிட்டது. அதன்மேல் வானம்தான் இருந்தது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சுமார் 42 மீட்டர் இடைவெளி. வேலை தொடங்க வேண்டிய மட்டமோ தரையிலிருந்து 50 மீட்டருக்கு மேலே. அந்த அகலத்துக்கு முன்னுதாரணம் என்றால் ரோமின் பாந்தியன் ஒன்றுதான் (43.3 மீட்டர்). அது வட்டமானது, காங்கிரீட்டில் வார்த்தது. ரோமானியர்களின் அந்தக் காங்கிரீட் கலவை 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வழக்கில் இல்லை.

வடிவத்தை மாற்றவும் வழியில்லை. நேரி தி ஃபியோரவந்தி தலைமையிலான குழு கொடுத்த மாதிரியை 1367இல் நகர மக்களே வாக்களித்து ஏற்றிருந்தார்கள். குவிமாடம் எட்டுப் பக்கம் கொண்டது, கூர்முனை வளைவில் எழும்பும், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடு கொண்டது, சுவரை வெளியிலிருந்து முட்டுக்கொடுத்துத் தாங்கும் பறக்கும் உதைசுவர் கிடையாது என்பதெல்லாம் அப்போதே முடிவாகிவிட்டது. அந்த மாதிரியிலிருந்து விலக மாட்டோம் என்று பேராலயப் பணிக்குழுவினர் சத்தியம் செய்து பதவி ஏற்பது வழக்கமாயிற்று. ஆக, ஃபிலிப்போ புருனெலெஸ்கி குவிமாடத்தை வடிவமைத்தார் என்று பொதுவாகச் சொல்வது முழுச் சரியில்லை. வடிவம் அவர் பிறப்பதற்குப் பத்தாண்டு முன்பே தீர்மானமானது. அவர் கண்டுபிடித்தது கட்டும் முறையை. இந்த ஆய்வு அதைப் பற்றியதுதான். அந்த முறையை அவர் எவ்வளவு மறைத்தார், மறைத்ததால் எங்கே வென்றார், எங்கே மூழ்கினார் என்பதும் அதில் சேரும்.

பொற்கொல்லராகப் பயின்றவர்

புருனெலெஸ்கி 1377இல் பிறந்தவர். தந்தை பத்திரம் எழுதும் நோட்டரி. மகனும் அதே தொழிலுக்கு வருவான் என்று எதிர்பார்த்தார். பையன் பொற்கொல்லர் பட்டறைக்குப் போனான். பட்டுத் தொழில் சங்கத்தில்தான் பொற்கொல்லர்களுக்கும் இடம் இருந்தது. 1398இல் அதில் சேர்ந்து 1404இல் முழு உறுப்பினரானார். இளமையில் கடிகாரங்களும் மணியடிக்கும் கருவிகளும் செய்தார் என்று அவரை நேரில் அறிந்த மனெத்தி என்பவர் எழுதியிருக்கிறார். பின்னாளில் பல்சக்கரங்களை அவர் கையாண்ட விதத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

1401இல் திருமுழுக்கு மண்டபத்துக்கு வெண்கலக் கதவுகள் செய்யப் போட்டி நடந்தது. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் காட்சியை ஒவ்வொருவரும் ஒரு வெண்கலப் பலகையில் செய்து தர வேண்டும். லொரென்சோ கிபர்ட்டியின் பலகையும் புருனெலெஸ்கியின் பலகையும் இன்றும் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. புருனெலெஸ்கியின் ஆபிரகாம் மகனின் கழுத்தைப் பிடித்துத் திருப்ப, தேவதூதர் அவர் கையை வந்து பிடிக்கிறார். காட்சி முழுக்கப் பதற்றம். கிபர்ட்டியின் பலகை நளினமானது. அது கிட்டத்தட்ட ஒரே வார்ப்பாக வந்தது, வெண்கலமும் குறைவு. செலவு பார்க்கும் குழுவுக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். கிபர்ட்டி வென்றார். கூட்டாகச் செய்யச் சொன்னதை மறுத்துப் புருனெலெஸ்கி விலகினார் என்கிறார் மனெத்தி. கிபர்ட்டி தரப்பில் அப்படி ஒரு பேச்சே இல்லை. இருவருக்கும் இடையிலான பகை மட்டும் உறுதியானது. குவிமாடத்தின் கதையில் அது மறுபடி வரும்.

அதன்பின் சிற்பி டொனாடெல்லோவுடன் ரோமுக்குப் போய் இடிபாடுகளை அளந்தார் என்று சொல்கிறார்கள். இடையில், சமதளப் பலகையில் ஆழம் காட்டும் வித்தையைச் செய்து காட்டினார். திருமுழுக்கு மண்டபத்தை ஒரு பலகையில் வரைந்து, அதில் சிறு துளை போட்டு, பின்பக்கமிருந்து அந்தத் துளை வழியே எதிரில் பிடித்த கண்ணாடியில் ஓவியத்தின் பிம்பத்தைப் பார்க்க வைத்தார். உண்மைக் கட்டடமும் பிம்பமும் பொருந்தி நின்றன. ஐரோப்பிய ஓவியத்தின் தூரக்காட்சி இலக்கணம் இங்கிருந்து கிளைத்தது. ஆனால் அதை விதியாக எழுதி வைத்தவர் அறிஞர் ஆல்பெர்ட்டி, 1435இல். செய்து காட்டியவர் எழுதவில்லை. இந்த ஆளின் குணம் இதிலேயே தெரிந்துவிடுகிறது.

தாங்குசாரத்துக்கு மரம் எங்கே

வளைவோ குவிமாடமோ கட்டுவதென்றால் முதலில் மரத்தில் சென்ட்ரிங் அடிக்க வேண்டும். காரை இறுகிக் கடைசிக் கல் பூட்டும் வரை முழுப் பாரத்தையும் அது தாங்கும். 42 மீட்டர் அகலத்துக்கு, 50 மீட்டர் உயரத்தில், அப்படி ஒரு சென்ட்ரிங் நிறுத்த நீளமான பெருமரங்கள் காடு காடாக வேண்டும். அவை கிடைத்தாலும், அந்த மரச்சட்டம் தன் எடையிலேயே தொய்யும் ஆபத்து இருந்தது. உள்ளே மண்ணைக் கொட்டி மலையாகக் குவித்து அதன்மேல் கட்டலாம், மண்ணுக்குள் காசுகளைக் கலந்துவிட்டால் பிறகு ஊர்மக்களே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒருவர் சொன்னதாக நூறாண்டு கழித்து, கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதுகிறார். நடந்ததோ இல்லையோ, நகரத்தின் கையறுநிலை அந்தக் கதையில் இருக்கிறது.

புருனெலெஸ்கி சொன்னது: சென்ட்ரிங்கே வேண்டாம். எப்படி என்று கேட்டபோது விளக்க மறுத்தார். முட்டையை யார் நிமிர்த்தி நிறுத்துகிறாரோ அவரே கட்டட்டும் என்று சவால் விட்டு, முட்டையின் அடியைத் தட்டி உடைத்து நிறுத்திக் காட்டினார் என்ற கதையும் வசாரி தந்ததே. இதே கதையைக் கொலம்பஸ் பெயரிலும் சொல்வார்கள் என்பதால் நான் அதற்கு அதிக மதிப்பு கொடுக்கவில்லை. பேராலயக் கணக்கேடுகள் சொல்வது அதைவிடச் சுவையானது: டொனாடெல்லோவும் நன்னி தி பாங்கோவும் உதவ, அவர் செங்கல்லும் காரையும் கொண்டு, தாங்குசாரம் இல்லாமல், ஒரு பெரிய மாதிரிக் குவிமாடத்தைக் கட்டியே காட்டினார். வாயால் சொல்லாததைக் கையால் செய்து காட்டுவதுதான் அவர் வழி.

குழு நம்பியது, ஆனால் முழுதாக நம்பவில்லை. 1420இல் புருனெலெஸ்கி, கிபர்ட்டி, கொத்தனார்களின் தலைவர் பத்திஸ்தா தந்தோனியோ மூவரையும் சேர்த்தே பொறுப்பில் வைத்தார்கள். புருனெலெஸ்கிக்கும் கிபர்ட்டிக்கும் ஒரே சம்பளம், மாதம் 3 ஃபுளோரின். வேலைத்திட்ட ஆவணம் சாரம் இல்லாத முறையை முதல் 30 பிராச்சோ உயரம் வரைதான் (சுமார் 17.5 மீட்டர்) ஏற்றது. அதற்கு மேல் அனுபவம் காட்டுகிறபடி செய்துகொள்ளலாம் என்றது. கட்டட வேலையில் நடைமுறையே ஆசான் என்ற பொருளில் ஒரு வரி அதில் உண்டு. ஒப்பந்த ஆவணத்தில் இவ்வளவு நேர்மையான வரியைக் காண்பது அரிது.

1420 ஆகஸ்ட் 7 அன்று வேலை தொடங்கியது.

செங்கல் எப்படி நின்றது

அடிப்படை இதுதான். குவிமாடத்தை வரிவரியாக எழுப்பும்போது, ஒரு வரி முழுச் சுற்று வந்து மூடிவிட்டால் அந்த வளையத்தின் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உள்ளே விழாமல் நிற்கும். ஆபத்து வளையம் மூடும் வரைதான். அதுவரை சாய்வான பரப்பில் ஈரக்காரை மேல் உட்கார்ந்திருக்கும் செங்கல் வழுக்கி விழலாம். கீழே சாய்வு குறைவு, உராய்வே போதும். மேலே போகப்போகச் சாய்வு கூடுகிறது. உச்சியருகே கல் படுகை கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 பாகை சாய்கிறது.

இரண்டு சிக்கல்களுக்கு அவர் விடை காண வேண்டியிருந்தது. முதலாவது, எண்கோணம் வட்டம் இல்லை; மூலைகளில் வளையம் முறியும். ஆனால் சுவர் போதிய தடிமனாக இருந்தால் எண்கோணச் சுவருக்குள்ளேயே ஒரு முழு வட்டம் அடங்கிவிடும். உள் ஓடு அடியில் சுமார் இரண்டு மீட்டர் தடிமன் கொண்டது. ஆகவே வெளியே எண்கோணமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் அது வட்டமாகவே வேலை செய்கிறது. செங்கல் வரிகளும் நேர்கோட்டில் ஓடாமல், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் தளர்ந்த கயிறுபோல் தாழ்ந்து மூலைகளில் ஏறுகின்றன.

இரண்டாவது, வழுக்கல். அதற்கு மீன்முள் கட்டு. படுக்கையாக வைக்கும் செங்கற்களுக்கு இடையில், குறிப்பிட்ட இடைவெளி விட்டு, ஒரு செங்கல்லை நட்டமாக நிறுத்துவார்கள். அடுத்த வரியில் அந்த நட்டக்கல் சற்றுத் தள்ளி வரும். இப்படியே அவை சுருள் சுருளாக உச்சிவரை ஏறும். இரு நட்டக்கற்களுக்கு நடுவே மாட்டிய சில படுக்கைக்கற்கள் ஒரு சிறு வளைவாக இறுகிவிடுவதால், முழு வரி மூடும் வரை காத்திருக்கத் தேவையில்லை. காரை இறுகும் அந்தச் சில நாட்கள்தான் முழுப் பிரச்சினையும். அதை நட்டக்கற்கள் சமாளித்தன. ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு மீட்டர் என்ற மந்தமான வேகமும் அந்தக் காரைக்குக் கொடுத்த அவகாசமே.

வெளித்தள்ளல் என்ற இன்னொரு தொல்லை உண்டு. எந்தக் குவிமாடமும் அடிப்பகுதியில் வெளிப்பக்கமாக விரிய முயலும். வட ஐரோப்பாவில் அதற்கு உதைசுவர் கட்டினார்கள். இங்கே அது தடை. வண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் பட்டா போடுவதுபோல, மணற்கல் உத்திரங்களை இரும்புக் கவ்விகளால் இணைத்து, கவ்விகளுக்கு ஈயம் பூசி, சுவருக்குள்ளேயே வளையங்களாகப் புதைத்தார்கள். கூடவே கஷ்கொட்டை மரத்தில் ஒரு வளையம். மர வளைய வேலை நடக்கும்போது புருனெலெஸ்கி நோய் என்று படுத்துக்கொண்டு கிபர்ட்டியைத் தனியே விட்டு, அவருக்கு ஒன்றும் தெரியாது என்று ஊருக்குக் காட்டினார் என்பது மனெத்தி சொல்லும் கதை. அவர் புருனெலெஸ்கியின் பக்தர் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் சம்பளக் கணக்கு பொய் சொல்லாது: 1426இல் புருனெலெஸ்கிக்கு ஆண்டுக்கு 100 ஃபுளோரின் ஆனது, கிபர்ட்டி பழைய 36இலேயே நின்றார்.

காளைகள் திரும்ப வேண்டாம்

மொத்தச் செங்கற்கள் நாற்பது லட்சத்துக்கு மேல் என்றும், குவிமாடத்தின் எடை சுமார் 37,000 டன் என்றும் மதிப்பிடுகிறார்கள். இத்தனையையும் 50 மீட்டருக்கு மேல் ஏற்றியாக வேண்டும். அன்று வழக்கில் இருந்தது, உள்ளே ஆட்கள் நடந்து சுழற்றும் பெருஞ்சக்கரம். அதற்கு இந்தப் பாரம் தாங்காது.

புருனெலெஸ்கி செய்த தூக்கி காளைகளால் இயங்கியது. காளைகள் செங்குத்தான ஓர் அச்சைச் சுற்றி வரும். அந்த அச்சில் மேலும் கீழுமாக இரு பல்சக்கரங்கள். ஒரு திருகால் அச்சை உயர்த்தினால் ஒரு சக்கரமும், தாழ்த்தினால் மற்றதும் எதிர்ப்பல்லில் கோத்துக்கொள்ளும். ஒன்று கோத்தால் வடம் மேலேறும், மற்றது கோத்தால் இறங்கும். சுற்றும் திசையைக் காளைகள் மாற்றவே வேண்டியதில்லை. பழைய ஏற்பாட்டில் ஒவ்வொரு முறையும் நுகத்தை அவிழ்த்துத் திருப்பிப் பூட்ட வேண்டும். ஒரு நாளில் அது எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தால் மிச்சமான நேரம் புரியும். வடம் சுற்றும் உருளைகளும் ஒன்றுபோல் இல்லை. பருத்த உருளையில் லேசான பாரம் விரைவாக ஏறும், மெல்லியதில் கனமான உத்திரம் மெதுவாக ஏறும். கனத்த வடத்தைப் பீசாவின் கப்பல்கயிறு திரிப்பவர்களிடம் வாங்கினார்கள்.

மேலே போன கல்லைச் சரியான இடத்தில் பக்கவாட்டில் நகர்த்தி இறக்க, திருகுகளால் இயங்கும் இன்னொரு பாரந்தூக்கி இருந்தது. கொத்தனார்களுக்கு வரைபடம் கொடுப்பதற்குப் பதிலாகக் களிமண், மெழுகு, மரம், சமயத்தில் பெரிய கிழங்கைக்கூடச் செதுக்கி, கல் எப்படி வெட்ட வேண்டும் என்று காட்டுவாராம். அந்த வேளைக்குத் தேவையான துண்டு மட்டும்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். முழுப் படமும் ஒருவர் தலைக்குள்.

மூழ்கிய படகு, திரும்பிய வெள்ளம்

மறைப்பதற்கு அவர் ஒரு சட்டமே வாங்கினார். 1421 ஜூன் 19 அன்று புளோரன்ஸ் அரசு அவருக்கு மூன்றாண்டு தனியுரிமை வழங்கியது. ஆர்னோ ஆற்றில் சரக்கு ஏற்றிவர அவர் புதிய கலம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். தன் அறிவின் பலனை வேறொருவர் அறுவடை செய்துவிடுவார் என்று அஞ்சி அதை வெளியிட மறுக்கிறார். எனவே அதே பயனுக்கு வேறு யாரும் புதுக் கலம் இறக்கினால் அதை எரிக்கலாம் என்கிறது அந்த ஆணை. கண்டுபிடிப்புக்கான காப்புரிமை என்று இன்று சொல்வதன் மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று.

அந்தக் கலத்தை ஊரார் 'பாதலோனே', அதாவது பூதம், என்று கேலியாக அழைத்தார்கள். 1428இல் குவிமாடத்துக்கான சுமார் 100 டன் வெண்பளிங்கோடு பீசாவிலிருந்து ஆற்றில் கிளம்பிய அது புளோரன்ஸ் வந்து சேரவில்லை. நட்டம் அவர் சொந்தப் பணம். ஜொவான்னி தி கெரார்தோ தா பிராத்தோ என்ற அறிஞர் அவரை அறியாமையின் ஊற்று என்று பாட்டாகவே எழுதித் திட்டியிருக்கிறார். புருனெலெஸ்கியும் பாட்டிலேயே பதிலடி கொடுத்தார்.

1430இல் லூக்கா நகரைப் புளோரன்ஸ் முற்றுகையிட்டபோது இன்னொரு யோசனை. செர்க்கியோ ஆற்றைத் திருப்பி நகரைச் சுற்றி வெள்ளம் விட்டுத் தனித்தீவாக்கிவிட்டால் சரணடைவார்கள். அணை கட்டினார், கால்வாய் வெட்டினார். இரவில் லூக்காக்காரர்கள் வந்து கரையை உடைக்க, வெள்ளம் புளோரன்ஸ் படைமுகாமுக்குள் புகுந்தது.

ஒரே ஆள், ஒரே துணிச்சல், அதே பத்தாண்டுகள். குவிமாடம் ஏன் நின்றது, இவை ஏன் கவிழ்ந்தன? ஆற்றின் குணம் கல்லின் குணத்தைவிடக் கணிக்கக் கடினம் என்பது ஒரு பதில். எனக்குப் படும் காரணம் வேறு. குவிமாடத்தில் அவரைச் சந்தேகப்பட ஆட்கள் இருந்தார்கள். பேராலய வேலையை நடத்திய கம்பளித் தொழில் சங்கத்தின் பணிக்குழு ஒவ்வொரு செலவையும் எழுதியது. எதிரி பக்கத்திலேயே சம்பளம் வாங்கிக்கொண்டு நின்றார். செங்கல் மாதிரியைக் கட்டிக் காட்டிய பிறகுதான் அனுமதி, அதுவும் 30 பிராச்சோ வரைதான். அவர் எரிச்சல்பட்ட ஒவ்வொரு தடையும் ஒரு சோதனையாக வேலை செய்தது. படகை யார் சோதித்தார்கள்? எரித்துவிடுவோம் என்று சட்டம் போட்டு ஆட்களை விலக்கிய இடத்தில் பிழை சொல்ல யார் வருவார்?

1434இல் கல், மர வேலைக்காரர் சங்கத்துக்குச் சந்தா கட்டவில்லை என்று அவரைச் சிறையில் தள்ளினார்கள். நகரின் மிகப் பெரிய கட்டடத்தை எழுப்பிக்கொண்டிருந்தவர் கட்டட வேலைக்காரர் சங்கத்தில் உறுப்பினராகவே இல்லை. பணிக்குழு பதிலுக்குச் சங்கத் தலைவர் ஒருவரைப் பிடித்து உள்ளே போட, 11 நாளில் புருனெலெஸ்கி வெளியே வந்தார்.

எதிரிகள் பாதுகாத்த சான்றுகள்

1436 மார்ச் 25 அன்று போப் நான்காம் யூஜின் பேராலயத்தை அர்ப்பணித்தார். அதே ஆண்டு கோடையில் குவிமாடம் மூடியது. உச்சியில் வைக்கும் விளக்குமாடத்துக்கு மறுபடி போட்டி வைத்தார்கள், அதிலும் அவரே வென்றார். அது எழும்புவதைப் பார்க்கவில்லை. 1446 ஏப்ரலில் இறந்தார். பேராலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். கல்லறை இருந்த இடமே மறந்துபோய், 1972இல்தான் அகழ்வில் கிடைத்தது.

தன் யோசனைகளைப் பலரோடு பகிராதே, புரிந்துகொண்டு மதிக்கும் சிலரிடம் மட்டும் சொல், மற்றவர்கள் முதலில் கேலி செய்வார்கள், பிறகு தமதென்பார்கள் என்று சியன்னா ஊர்ப் பொறியாளர் தக்கோலாவிடம் அவர் சொன்னதைத் தக்கோலா குறித்து வைத்திருக்கிறார். பகிராதே என்று சொன்னதை எழுதி வைத்துப் பகிர்ந்தவர் அவர். அந்த நல்ல காரியத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். புருனெலெஸ்கி கையால் வரைந்த குவிமாடப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கட்டும் காலத்திலேயே வரைந்ததாக நம்மிடம் இருப்பது, பாட்டெழுதித் திட்டிய அதே கெரார்தோ 1426 வாக்கில் வளைவு தவறு, உள்ளே வெளிச்சம் வராது என்று புகார் செய்து தோலில் வரைந்து கொடுத்த படம். தூக்கும் கருவிகளின் படங்களைத் தன் குறிப்பேட்டில் வரைந்து வைத்தவர்களில் ஒருவர் புவொனாக்கோர்சோ கிபர்ட்டி. லொரென்சோ கிபர்ட்டியின் பேரன்!

இன்னொருவர் லியோனார்டோ டா வின்சி. 1471இல் விளக்குமாடத்தின் மேல் செம்புக் கோளத்தை ஏற்றும் வேலை சிற்பி வெரோக்கியோவின் பட்டறைக்குக் கிடைத்தது. அப்போது லியோனார்டோ அங்கே இளம் கைத்தொழிலாளி. அந்த வட்டாரத்தில் அறியப்பட்ட கருவிகளை அவர் வரைந்த தாள்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து அவை லியோனார்டோவின் கண்டுபிடிப்புகள் என்று வெகுகாலம் நம்பியவர்கள் உண்டு. கோளத்தைப் பற்றவைத்த விதத்தை நாற்பது ஆண்டுக்குப் பின்னும் ஒரு குறிப்பில் அவர் நினைவுபடுத்திக்கொள்கிறார்.

கட்டும் முறை குறித்த விவாதம் ஓயவில்லை. ஆர்னோ கரையில் அங்கோனெல்லா பூங்காவில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் ஒரு குவிமாடத்தைச் செங்கல்லாலேயே கட்டி, மீன்முள் கட்டு எப்படி நடந்திருக்கும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பேராலயத்தின் அருகே 2012இல் நடந்த அகழ்வில் மீன்முள் கட்டோடு கூடிய சிறு குவிமாடம் ஒன்றின் அடிப்பகுதி கிடைத்தது. புருனெலெஸ்கியின் சோதனை மாதிரியாக இருக்கலாம் என்கிறார்கள்.

கட்டடத்திலும் ஒரு கேள்வி திறந்தே இருக்கிறது. குவிமாடத்தின் எட்டுப் பக்கங்களில் ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கில் பெரிய வெடிப்புகள் ஓடுகின்றன. 17ஆம் நூற்றாண்டிலிருந்தே அவற்றைப் பதிவு செய்து வருகிறார்கள். புதைத்த வளையங்கள் வெளித்தள்ளலை முழுதாகத் தடுக்கவில்லை என்பதை அவை காட்டுகின்றன. வெடித்த பிறகு குவிமாடம் நான்கு பெரும் துண்டுகளாக ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து வேறொரு சமநிலையில் நிற்கிறது. கோடையில் கல் விரியும்போது வெடிப்பு சற்று மூடுகிறது, குளிரில் திறக்கிறது. 1980களிலிருந்து மின்னணுக் கருவிகள் அந்த அசைவைத் தொடர்ந்து அளக்கின்றன. காரை வைத்து அடைத்துவிடலாமே என்றால், கோடையில் கல் விரிய இடம் இல்லாமல் விசை வேறு பக்கம் போய்ப் புது வெடிப்பை உண்டாக்கும். ஆகவே இப்போதைக்கு அளப்பதோடு நிறுத்தியிருக்கிறார்கள்.